தொட்டுப் பார்த்துக் கற்கும் அறிவியல்: அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகள்

அறிவியல் அருங்காட்சியகங்களுக்குப் பல ஆண்டுகளாக மாணவர்களை அழைத்துச் சென்று வருகிறேன். முதல் சில பயணங்கள் எனக்கே மன நிறைவு தரவில்லை. பிள்ளைகள் மகிழ்ச்சியாக ஓடியாடினார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவில் இல்லை. எங்கே தவறு என்று யோசித்து, மெல்ல மெல்ல முறையை மாற்றிக்கொண்டேன். அந்த அனுபவத்தில் நின்றுதான் சக ஆசிரியர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எதைத் தொட்டு இயக்கும் காட்சிப்பொருள் என்று சொல்வது? பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிவதும் அதில் சேருமா?

என் கணக்கில் சேராது. பொத்தானை அழுத்துகிறவர் ஆறு வயதுக் குழந்தையாக இருந்தாலும் பேராசிரியராக இருந்தாலும் அதே விளக்குதான் எரியும். அங்கே கை மட்டும் வேலை செய்கிறது. மாணவர் எடுக்கும் முடிவு விளைவை மாற்ற வேண்டும், அதுதான் அளவுகோல். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, இரு கைகளிலும் எடைக்கட்டிகளைப் பிடித்துக்கொண்டு சுற்றும் பெண்ணைப் பாருங்கள். கைகளை நெஞ்சோடு சேர்த்தால் வேகம் கூடுகிறது, நீட்டினால் குறைகிறது. பாதி மடக்கினால் என்ன ஆகும், ஒரு கையை மட்டும் மடக்கினால் என்ன ஆகும் என்று அவளுக்கே அடுத்தடுத்துத் தோன்றும். கேட்ட கேள்விக்கு அந்த நாற்காலி உடனே பதில் சொல்கிறது. அப்படிப் பதில் சொல்லும் பொருள்களைத் தேர்ந்தெடுங்கள்.

இப்படிப்பட்ட அருங்காட்சியகங்கள் எப்போது தொடங்கின?

பலர் நினைப்பதைவிடப் பழையவை. பெர்லினில் 1888இல் தொடங்கப்பட்ட ஊரானியா என்ற அறிவியல் மையத்திலேயே பார்வையாளர்கள் சில சோதனைகளைத் தாங்களே இயக்கிப் பார்க்க முடிந்தது. மியூனிக்கில் ஆஸ்கர் ஃபான் மில்லர் 1903இல் நிறுவிய டாய்ச்சஸ் மியூசியத்தில் இயக்கிப் பார்க்கும் மாதிரிகளும் வெட்டுத்தோற்ற இயந்திரங்களும் இடம்பெற்றன. பாரிஸில் 1937இல் இயற்பியலாளர் ழான் பெரன் முயற்சியால் உருவான கண்டுபிடிப்புகளின் மாளிகையில் பார்வையாளர்கள் கண்முன்னே சோதனைகள் செய்து காட்டப்பட்டன.

ஆனால் இன்று நாம் காணும் வடிவத்துக்கு முக்கியக் காரணமானவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்தை வழிநடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி, அவரும் இயற்பியலாளர். அமெரிக்காவில் கம்யூனிச எதிர்ப்பு வேட்டை நடந்த காலத்தில், 1949இல், பல்கலைக்கழக வேலையை இழந்தார். கொலராடோ மலைப்பகுதியில் மாட்டுப்பண்ணை வைத்துப் பிழைத்தார். பிறகு அங்கிருந்த ஒரு சிறிய பள்ளியில் அறிவியல் ஆசிரியரானார். பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியபோது, மாணவர்கள் விரும்பிய நேரத்தில் வந்து செய்து பார்க்கும்படி சோதனைகளுக்கென்றே ஒரு நூலகம்போல அமைத்தார். அந்த எண்ணத்தின் விரிவாகத்தான் 1969இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரேட்டோரியம் பிறந்தது. காட்சிப்பொருள்கள் செய்யப்படும் பட்டறையையே பார்வையாளர்கள் காணும்படி திறந்து வைத்தார்கள். அறிவியலின் அரைகுறை நிலையையும் பிள்ளைகள் பார்க்கட்டும் என்ற துணிவு அதில் இருக்கிறது. ஒரு பள்ளி ஆசிரியரின் மனத்திலிருந்து வந்த அருங்காட்சியகம் அது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கும்.

பாடம் நடத்துவதற்கு முன்பு அழைத்துச் செல்வதா, நடத்திய பிறகா?

காட்சிப்பொருளைப் பொறுத்தது. பார்த்த கணமே வியப்பைக் கிளப்பும் பொருள் என்றால் பாடத்துக்கு முன்பு. விதியைப் படித்துவிட்டு வந்த மாணவர் அங்கே அந்த விதியைச் சரிபார்ப்பதோடு நின்றுவிடுகிறார். புதிதாக எதையும் தேடுவதில்லை.

ஃபூக்கோ ஊசல் மாதிரியான பொருளுக்கு இது பொருந்தாது. லியோன் ஃபூக்கோ 1851இல் பாரிஸின் பாந்தியோன் கட்டடத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டுப் பூமியின் சுழற்சியைக் காட்டினார். முன்னறிவு இல்லாமல் அதன் முன்னால் நிற்கும் மாணவருக்கு, ஒரு குண்டு இங்குமங்கும் ஆடுகிறது, அவ்வளவுதான். ஊசல் ஆடும் தளம் துருவத்தில் மணிக்கு 15 டிகிரி திரும்பும், நிலநடுக்கோட்டில் திரும்பவே திரும்பாது, 30 டிகிரி அட்சரேகையில் மணிக்கு ஏழரை டிகிரி திரும்பும் என்பதை வகுப்பில் கணக்கிட்டுவிட்டு வந்தால் கதையே வேறு. உள்ளே நுழைந்ததும் ஊசலின் திசையைக் குறித்துக்கொள்வார்கள். வெளியேறும்முன் ஓடிவந்து எத்தனை டிகிரி நகர்ந்திருக்கிறது என்று அளப்பார்கள். அந்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காகவே ஃபூக்கோ ஊசலை நான் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

போவதற்கு முன்பு வகுப்பில் என்ன ஆயத்தம் தேவை?

முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை போய் வாருங்கள். இதை எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள். எந்தப் பொருள் பழுதாகிக் கிடக்கிறது, எதன் முன் நெரிசல் அதிகம், எந்த இடத்தில் சத்தத்தில் பேசவே முடியாது என்பதெல்லாம் நேரில் போனால்தான் தெரியும். ஒருமுறை இணையதளத்தில் படம் பார்த்த நம்பிக்கையில் ஒரு பொருளை நம்பிப் பாடத்தையே அமைத்துக்கொண்டு போனேன். அங்கே போய்ப் பார்த்தால் ‘பராமரிப்பில் உள்ளது’ என்ற அட்டை தொங்கியது.

அடுத்தது, இடத்தைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லிவிடுவது. புதிய இடத்துக்குப் போகும் பிள்ளைகளின் கவனம் முதலில் அந்த இடத்தைப் பழகிக்கொள்வதிலேயே போய்விடுகிறது, பாடத்துக்கு மிச்சமில்லை என்பதை ஜான் ஃபால்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1978இலேயே எழுதியிருக்கிறார்கள். எனவே வரைபடத்தைக் காட்டுங்கள். கழிப்பறை எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பாடு, எப்போது திரும்புவோம் என்று முதல் நாளே சொல்லுங்கள். உள்ளே போனதும் 20 நிமிடம் விருப்பம்போல் சுற்றவிடுங்கள். அந்த 20 நிமிடம் வீண் என்று தோன்றும். அதைக் கொடுக்காவிட்டால் மீதி இரண்டு மணி நேரமும் அவர்கள் கண் வேறெங்கோ இருக்கும்.

ஒரு பயணத்தில் எத்தனை காட்சிப்பொருள்களைப் பார்க்க வைக்கலாம்?

மூன்று. இந்தப் பதிலைக் கேட்டதும் பலர் முகம் சுருங்கிவிடும். இவ்வளவு தூரம் வந்து மூன்றா என்று கேட்பார்கள். மற்றவற்றை மாணவர்கள் சுற்றும் நேரத்தில் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். பாடமாக அமைவது மூன்றுதான். ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடமாவது வேண்டும். நூறு பொருள்களை ஒவ்வொரு நிமிடம் பார்த்த பிள்ளைக்கு நூறு ஆச்சரியங்கள் கிடைக்கும், ஒரு விளக்கமும் கிடைக்காது.

காட்சிப்பொருளின் முன் நின்று எப்படிப் பாடம் நடத்துவது?

ஊகி, கவனி, விளக்கு. ரிச்சர்ட் வைட், ரிச்சர்ட் கன்ஸ்டன் என்ற இரு கல்வியாளர்கள் பரவலாக்கிய முறை இது. மாணவர் பொருளைத் தொடுவதற்கு முன்பு என்ன நடக்கும் என்று ஊகித்து, ஏன் அப்படி நினைக்கிறார் என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். பிறகு செய்து கவனிக்க வேண்டும். ஊகத்துக்கும் கண்டதற்கும் உள்ள இடைவெளியைப் பிறகு விளக்க வேண்டும். சொல்ல எளிது, அந்த முதல் படியைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

செம்புக் குழாயும் காந்தமும் இருக்கும் காட்சிப்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள கனமான குழாய் நேராக நிற்கிறது. பக்கத்தில் ஒரே அளவில் இரண்டு உருளைகள். ஒன்று சாதாரண இரும்பு, மற்றொன்று வலிமையான காந்தம். இரும்பைப் போட்டால் அரை நொடிக்குள் கீழே வந்துவிடும். காந்தத்தைப் போடும்முன் நிறுத்துகிறேன். “இது எப்போது வெளியே வரும்? எழுதுங்கள்.”

பெரும்பாலோர் அதே நேரத்தில் வரும் என்றுதான் எழுதுவார்கள். பிறகு ஒரு மாணவர் காந்தத்தைப் போடுவார். ஒன்றும் வராது. குழாயின் அடியில் கை ஏந்திக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். “உள்ளேயே மாட்டிக்கொண்டது” என்று யாராவது சொல்வார்கள். அந்த நேரத்தில் ஏந்திய கையில் காந்தம் மெதுவாக வந்து விழும். குழாயின் தடிமனையும் காந்தத்தின் வலிமையையும் பொறுத்துச் சில நொடிகள் ஆகியிருக்கும்.

இப்போதுதான் ஆசிரியரின் வேலை தொடங்குகிறது. உடனே லென்ஸ் விதி என்று சொல்லிவிடாதீர்கள். “செம்பு காந்தத்தை இழுக்கிறது, டீச்சர்” என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். அருமையான ஊகம், ஏனென்றால் சோதிக்கலாம். காந்தத்தைக் குழாயின் வெளிப்புறத்தில் வைக்கச் சொல்லுங்கள், ஒட்டாது. அப்படியானால் “உள்ளே உராய்கிறது” என்பார் இன்னொருவர். மேலிருந்து எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். காந்தம் பக்கங்களில் பெரும்பாலும் படாமல் மிதப்பதுபோல் இறங்குவது தெரியும். அதே அளவு பிளாஸ்டிக் குழாய் இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள். இரும்பைப் போலவே விழும். ஆக, செம்பில் ஏதோ இருக்கிறது, ஆனால் அது காந்த இழுப்பு கிடையாது. பிளாஸ்டிக்கிடம் இல்லாதது, செம்பிடம் இருப்பது எது? மின்சாரத்தைக் கடத்தும் தன்மை என்று ஒருவர் சொல்லும்வரை காத்திருங்கள். சில வகுப்புகளில் அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த மௌனத்தைத் தாங்கிக்கொள்வது கடினம், தாங்கிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு நீங்கள் பேசலாம். நகரும் காந்தத்தால் குழாய்ச் சுவரில் காந்தப்புலம் மாறுகிறது. மாறும் புலம் செம்பில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் உருவாக்கும் காந்தப்புலம் விழுவதை எதிர்க்கிறது; லென்ஸ் விதி சொல்வது இதைத்தான். இந்த மூன்று வரியைப் பாடப்புத்தகத்தில் படித்த மாணவரும், காந்தத்துக்காகக் கை ஏந்திக் காத்திருந்த மாணவரும் ஒரே மாதிரிக் கேட்பதில்லை.

பணித்தாள் கொடுக்கலாமா?

கோடிட்ட இடத்தை நிரப்பும் பணித்தாள் வேண்டாம். கொடுத்தால் பிள்ளைகள் பொருளை விட்டுவிட்டு விளக்கப் பலகையில் விடையைத் தேடி எழுதுவார்கள். ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் பார்த்து எழுதுவார்கள்.

எக்ஸ்ப்ளோரேட்டோரியத்தில் ஜோஷுவா கட்வில், சூ ஆலன் ஆகியோர் உருவாக்கிய ஒரு விளையாட்டு இதைவிடப் பல மடங்கு பயன்தருகிறது. அதன் பெயரை ‘சாறுள்ள கேள்வி’ என்று தமிழில் சொல்கிறேன். குழு முதலில் பொருளைச் சிறிது நேரம் இயக்கிப் பார்க்கும். பிறகு இரண்டு நிபந்தனைகளுக்கு உட்பட்ட ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்: குழுவில் யாருக்கும் விடை முன்பே தெரிந்திருக்கக் கூடாது, அந்தப் பொருளை வைத்தே விடை காண முடிய வேண்டும். கேள்வியைச் சோதித்துவிட்டுக் கண்டதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். வெற்றுத் தாளில் இந்தக் கேள்வியையும் செய்ததையும் எழுதினால் போதும்.

இரண்டாவது நிபந்தனைதான் பிள்ளைகளுக்குப் பெரிய பயிற்சி. “காந்தத்துக்கு ஏன் காந்தசக்தி இருக்கிறது?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி, ஆனால் குழாயால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. “காந்தத்தைத் தலைகீழாகப் போட்டால் வேகம் மாறுமா?” என்றால் சொல்ல முடியும். எந்தக் கேள்வியைச் சோதனையால் தொட முடியும் என்று பிரித்தறியக் கற்பதே அறிவியலின் பாதிப் பயிற்சி.

40 பேரை ஒரு பொருளின் முன் எப்படிச் சமாளிப்பது?

சமாளிக்க முடியாது. மூன்று பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். நான்காவது ஆள் வந்தால் அவர் வேடிக்கை பார்ப்பவராகிவிடுகிறார். ஒருவர் இயக்குவார், ஒருவர் அளப்பார் அல்லது குறிப்பார், ஒருவர் “இப்போது இதை மாற்றிப் பார்” என்று சொல்வார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தச் சுழற்சியைக் கண்டிப்பாகச் செய்யவையுங்கள். விட்டுவிட்டால் முந்திக்கொள்ளும் கை எப்போதும் ஒன்றுதான். பல வகுப்புகளில் பெண் பிள்ளைகள் நோட்டும் கையுமாகக் கடைசிவரை எழுதிக்கொண்டே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே மனம் வலிக்கும்.

குழுக்களை ஒரே அரங்கில் வெவ்வேறு பொருள்களுக்கு அனுப்பி, மணியடித்து மாற்றினால் நெரிசல் குறையும்.

விளக்கப் பலகையை எப்போது படிக்கச் சொல்வது?

செய்து முடித்த பிறகு. படித்ததை அப்படியே ஏற்கவும் வேண்டாம். மேல்நோக்கி வீசும் காற்றில் பந்து மிதக்கும் காட்சிப்பொருளைப் பல இடங்களில் வைத்திருப்பார்கள். வேகமான காற்றில் அழுத்தம் குறைவு, அதனால் சுற்றியுள்ள காற்று பந்தை உள்ளே தள்ளுகிறது என்று பல விளக்கங்கள் சொல்கின்றன. பந்தைச் சற்று வலப்பக்கம் தள்ளி, அதற்கு மேலே கையை வைத்துப் பாருங்கள். காற்றோட்டம் பந்தின் வளைவோடு ஒட்டிச் சென்று வலப்பக்கமாக வளைந்து வெளியேறுவது உள்ளங்கையில் தெரியும். பந்து காற்றை வலப்பக்கம் திருப்புகிறது, காற்று பந்தை இடப்பக்கம் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. எட்டாம் வகுப்பு மாணவர் கையாலேயே உணரக்கூடிய விளக்கம் இது.

காட்சிப்பொருளே தவறான எண்ணத்தை விதைத்துவிடாதா?

விதைக்கும், கவனமாக இருக்க வேண்டும். புனல் வடிவப் பரப்பில் கோலியை உருட்டிக் கோள்களின் சுற்றுப்பாதையைக் காட்டும் பொருள் ஓர் எடுத்துக்காட்டு. கோலி சுற்றிச் சுற்றி நடுத்துளையில் விழுந்துவிடும். ஒருமுறை திரும்பும் வழியில் பஸ்ஸில் ஒரு சிறுவன் என்னிடம், பூமி எப்போது சூரியனில் விழும் என்று உண்மையான பயத்தோடு கேட்டான். தவறு என்னுடையது. கோலி உராய்வால் ஆற்றலை இழக்கிறது, பூமி செல்லும் வழியில் அப்படி உராய ஒன்றுமில்லை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அதிலிருந்து மாதிரி எதுவாக இருந்தாலும் “இது எந்த இடத்தில் உண்மையோடு ஒத்துப்போகவில்லை?” என்று கேட்காமல் நகர்வதில்லை.

வண்ண நிழல்கள் இதற்கு நேர்மாறு. பழைய தவறைத் திருத்தும். சிவப்பு, பச்சை, நீல விளக்குகள் மூன்றும் சேர்ந்து விழும் வெள்ளைச் சுவரின் முன் கையை நீட்டினால் சயான் (நீலப்பச்சை), மெஜந்தா (கருஞ்சிவப்பு கலந்த ஊதா), மஞ்சள் நிறங்களில் நிழல்கள் விழும். சிவப்பு விளக்கை மறைத்த இடத்தில் பச்சையும் நீலமும் சேர்ந்து சயான் தெரிகிறது. ஓவிய வகுப்பில் சாயம் கலந்து பழகிய பிள்ளைக்கு, சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சள் ஆவது நம்ப முடியாத செய்தி.

திரும்பி வந்த பிறகு?

அடுத்த நாளே ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குங்கள். ஒரு வாரம் தள்ளினால் நினைவு கலைந்துவிடும். பார்த்த பொருளை நினைவிலிருந்து வரையச் சொல்லி, எந்தப் பாகத்தை மாற்றினால் என்ன மாறும் என்று அம்புக்குறி போட்டு எழுதச் சொல்கிறேன். படத்தில் விடுபட்ட பாகம் அவர்களுக்குப் புரியாத பாகமாகவே பெரும்பாலும் இருக்கும்.

மதிப்பெண் போடலாமா?

வேண்டாம். அருங்காட்சியகத்தில் யாரும் ஃபெயில் ஆவதில்லை என்று ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் சொல்வார். ஊகம் தவறினால் மதிப்பெண் போய்விடும் என்று தெரிந்தால் யாரும் துணிந்து ஊகிக்க மாட்டார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் எதைக் கவனிப்பது?

இதயமுடுக்கி பொருத்தியவர்கள், உயர்ந்த நிலைமின்னழுத்தம் உண்டாக்கும் வான் டி கிராஃப் மின்னியற்றி, வலிமையான காந்தங்கள் ஆகியவற்றிலிருந்து விலகி இருக்க வேண்டும். உடன்வரும் பெரியவர்களிடமும் கேட்டுவிடுங்கள். வலிப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்கு விட்டு விட்டு மின்னும் விளக்குள்ள அரங்கு கூடாது. சுழல் நாற்காலியிலிருந்து இறங்கும்போது பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு இதில் இடம் இருக்கிறதா?

மற்ற எந்த அறிவியல் வகுப்பையும்விட அதிகம். எதிரெதிரே நிற்கும் இரண்டு பெரிய பரவளையக் கிண்ணங்களில் ஒன்றின் குவியத்தில் (ஒலி வந்து குவியும் புள்ளியில்) முணுமுணுத்தால் மற்றதன் குவியத்தில் காது வைத்தவருக்குத் தெளிவாகக் கேட்கும். பார்வையற்ற மாணவி ஒருத்தி கிண்ணத்தின் வளைவை விளிம்பிலிருந்து நடுவரை இரண்டு கைகளாலும் தடவிப் பார்த்தாள். பிறகு தலையை அங்குலம் அங்குலமாக நகர்த்திக் குவியம் இருக்கும் இடத்தைச் செவியாலேயே கண்டுபிடித்து, “இங்கே” என்று விரலை வைத்தாள். அவளோடு வந்த மற்ற இருவரும் அதற்கு முன்பு கிண்ணத்தின் எங்கெங்கோ காதை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அருங்காட்சியகம் வெகு தொலைவில் இருந்தால்?

வகுப்பறையில் செய்யக்கூடியவை நிறைய உண்டு. எக்ஸ்ப்ளோரேட்டோரியமே தன் காட்சிப்பொருள்களின் சிறிய வடிவங்களை ஆசிரியர்கள் செய்துகொள்ளும் முறைகளை வெளியிடுகிறது. நான் முதலில் பரிந்துரைப்பது இணைந்த ஊசல்கள். இரண்டு நாற்காலிகளுக்கு இடையே சற்றுத் தளர்வாக ஒரு கயிற்றைக் கட்டுங்கள். பாதி நீர் நிரப்பிய இரண்டு பாட்டில்களைச் சம நீள நூலில் அதில் தொங்கவிடுங்கள். ஒன்றை மட்டும் ஆட்டிவிடுங்கள். சிறிது நேரத்தில் அது ஓய, அசையாமல் இருந்த மற்றது ஆடத் தொடங்கும். பிறகு ஆட்டம் திரும்பி வரும். ஒரு நூலைச் சுருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்; ஆட்டம் முழுமையாகக் கைமாறாது. ஒத்ததிர்வுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

எனக்கே பதில் தெரியாத கேள்வியை மாணவர் கேட்டால்?

தெரியாது என்று சொல்லுங்கள். அதோடு நிற்காமல், எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று அவரோடு சேர்ந்து யோசியுங்கள். செம்புக் குழாயின் முன் ஒரு மாணவன், குழாய் இன்னும் நீளமாக இருந்தால் காந்தம் நடுவில் நின்றேவிடுமா என்று கேட்டான். குழுவே விவாதித்து முடிவுக்கு வந்தது: நின்றுவிட்டால் காந்தப்புலம் மாறாது, மின்னோட்டம் இருக்காது, தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாமல் மறுபடி விழத் தொடங்கும்; எனவே நிற்க முடியாது. உடனே அவனுடைய அடுத்த கேள்வி: “குழாயை நன்றாகக் குளிரவைத்தால்?” எனக்கு அப்போது தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் விவரம் திரட்டிச் சொன்னேன். திரவ நைட்ரஜனின் கொதிநிலையான மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் செம்பின் மின்தடை அறை வெப்பநிலையில் இருப்பதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால் மின்னோட்டம் வலுவாகி, காந்தம் இன்னும் மெதுவாக இறங்கும். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, மின்தடையே இல்லாமல் போனால் நின்றுவிடும் அல்லவா என்று கேட்டான். மீக்கடத்தி என்ற சொல்லை அவன் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.